மர்லின் மன்றோ: எல்லோரும் நேசித்தவருக்குக் கிடைக்காமல்போன சிகிச்சை

மர்லின் மன்றோ என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது அந்த வெள்ளை கவுன் போட்டோதான். நியூயார்க் தெருவில் சுரங்க ரயில் காற்று கீழிருந்து அடிக்க, பறக்கும் உடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பெண். 1954 செப்டம்பரில் எடுத்த படம் அது. அடுத்த மாதமே அவர் விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போனார். கல்யாணமாகி ஒன்பது மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை.

சிரிப்புக்கும் கண்ணீருக்கும் நடுவில் இவ்வளவு குறைந்த இடைவெளியில்தான் அவர் வாழ்க்கை முழுக்கவே ஓடியது. அவர் இறந்து 60 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்', சுருக்கமாக பிபிடி, என்ற மனநலப் பிரச்னையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் வந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். நேரில் பார்க்காமல், அதுவும் மறைந்துபோன ஒருவருக்கு, இதுதான் நோய் என்று யாரும் முத்திரை குத்த முடியாது. அதனால் மர்லினுக்கு பிபிடி இருந்ததா, இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. இப்படித் தவிக்கிற ஒருவருக்கு அந்தக் காலம் என்ன சிகிச்சை கொடுத்தது, இன்று என்ன இருக்கிறது என்பதை அவர் கதை தெளிவாகக் காட்டுகிறது.

அம்மா இருந்தும்...

1926 ஜூன் 1. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரியில் பிறந்த அந்தக் குழந்தையின் பெயர் நார்மா ஜீன். அப்பா யார் என்பது கடைசிவரை அதிகாரபூர்வமாகத் தெரியவில்லை. 2022-ல்தான் டி.என்.ஏ பரிசோதனை அதை உறுதிசெய்தது.

அம்மா கிளாடிஸ், ஃபிலிம் லேபில் நெகட்டிவ் வெட்டும் வேலை பார்த்தவர். தனியாகக் குழந்தையை வளர்க்க முடியாமல் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டார். ஏழு வயது வரை நார்மா அங்கேதான் இருந்தாள். 1933-ல் அம்மா ஒரு வீடு வாங்கி மகளை அழைத்துக்கொண்டார். சில மாதங்கள்தான். 1934 தொடக்கத்தில் அம்மாவுக்கு மனம் கலங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கிஸோஃப்ரினியா என்றார்கள். அதன் பிறகு குழந்தைப்பருவத்தில் அம்மாவோடு சேர்ந்து வாழும் வாய்ப்பு நார்மாவுக்குக் கிடைக்கவே இல்லை.

அம்மாவின் தோழி கிரேஸ் பொறுப்பேற்றார். ஆனால், 1935-ல் நார்மாவை அனாதை இல்லத்தில் சேர்க்கும்படி ஆனது. பிறகு மறுபடியும் வேறு வேறு வீடுகள். அதில் பாலியல் துன்புறுத்தலும் நடந்தது. குழந்தைக்குத் திக்குவாய் வந்தது.

1942-ல் கிரேஸ் குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டி வந்தது. பாதுகாப்பில் இருந்த பெண்ணை மாநிலம் தாண்டி அழைத்துப்போகச் சட்டம் இடம் தரவில்லை. திரும்ப அனாதை இல்லம்... அல்லது கல்யாணம். பக்கத்து வீட்டுப் பையன் ஜேம்ஸ் டோஹர்ட்டியைக் கல்யாணம் செய்துகொண்டாள். 16 வயது முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

ஊரே பார்த்த முகம்

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, அங்கே வந்த ராணுவ போட்டோகிராபர் ஒருவர் அவரைப் படம் எடுத்தார். அங்கிருந்து மாடலிங். 1946-ல் சினிமா ஒப்பந்தம், புதுப் பெயர், முதல் விவாகரத்து.

அடுத்த பத்து வருடத்தில் உலகமே அவரைத் தெரிந்துகொண்டது. பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவுடன் கல்யாணம், பிரிவு. 1956-ல் நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லருடன் கல்யாணம். கருக்கலைந்த துயரங்கள். 1961 ஜனவரியில் அந்த உறவும் முடிந்தது. இன்னொரு பக்கம் படப்பிடிப்புக்கு மணிக்கணக்கில் தாமதம், கேமரா முன்னால் நிற்கும் பயம், தூக்கமின்மை. அதற்குத் தூக்க மாத்திரை. பிறகு மாத்திரை இல்லாமல் முடியாது என்ற நிலை.

இத்தனைக்கும் அவர் உதவி தேடாமல் இல்லை. 1955-லிருந்தே சைக்கோஅனாலிசிஸ் எனும் உளப்பகுப்பாய்வுக்குப் போனார். மனநல டாக்டரிடம் போவதை வெளியில் சொல்லவே தயங்கிய காலம் அது.

சரி, பிபிடி என்றால் என்ன?

உணர்ச்சிகளின் வால்யூம் எப்போதும் ஃபுல்லில் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வருகிற கோபம், சோகம்தான். ஆனால், இவர்களுக்குச் சட்டென்று வரும், உச்சத்துக்குப் போகும், இறங்க நேரமாகும்.

இதன் மையத்தில் ஒரு பயம் இருக்கும். என்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். நேற்று தெய்வமாகத் தெரிந்தவர் இன்று துரோகியாகத் தெரிவார். நான் யார் என்பதே நிலையாக இருக்காது. உள்ளே ஒரு வெறுமை. அந்த வலியைத் தாங்க முடியாமல் யோசிக்காமல் செலவு, போதை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்று போகலாம். மொத்தம் ஒன்பது அறிகுறிகளை டாக்டர்கள் பார்ப்பார்கள். குறைந்தது ஐந்தாவது இருக்க வேண்டும், அதுவும் நீண்ட காலமாக இருக்க வேண்டும். பிரேக்-அப் ஆன வாரத்தில் அழுவதெல்லாம் பிபிடி இல்லை!

பிறவியிலேயே மென்மையான மனசு ஒரு காரணம். அந்த மனசின் வலியை மதிக்காத, நிலையில்லாத குழந்தைப்பருவம் இன்னொன்று. இரண்டும் சேரும்போது ஆபத்து கூடுகிறது.

'பார்டர்லைன்' என்ற பெயரை 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க டாக்டர் தன் கட்டுரையில் பயன்படுத்தினார். வழக்கமான உளப்பகுப்பாய்வு இந்த நோயாளிகளிடம் சரிவர வேலை செய்யவில்லை என்பதை அப்போதே அவர் கவனித்திருந்தார். ஆனால், மர்லின் காலத்து டாக்டர்களிடம் வேறு வழி பெரிதாக இல்லை.

பூட்டிய அறை

1961 பிப்ரவரி. விவாகரத்துக்குப் பிறகு மர்லின் மிகவும் சோர்ந்திருந்தார். நியூயார்க்கில் அவருக்குச் சிகிச்சை கொடுத்துவந்த டாக்டர் மரியான் கிரிஸ், பெய்ன் விட்னி மனநல மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார். ஓய்வுக்காகத்தான் போகிறோம் என்று மர்லின் நினைத்திருந்தார். உள்ளே போனதும் பூட்டிய அறையில் வைத்துவிட்டார்கள்.

கைவிடப்படுவதுதான் ஒருவரின் மிகப்பெரிய பயம் என்றால், அவரைத் தனியாகப் பூட்டிவைப்பது எப்படி இருக்கும்? அவர் கத்தினார், கதவைத் தட்டினார். அதுவே நோய் முற்றியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கடைசியில் முன்னாள் கணவர் டிமாஜியோவுக்குத் தகவல் போய், அவர் வந்து வெளியே கொண்டுவந்தார். வேறு மருத்துவமனையில் மூன்று வாரம் ஓய்வெடுத்தார் மர்லின்.

வீட்டுக்கே அழைத்த டாக்டர்

லாஸ் ஏஞ்சல்ஸில் அவரைப் பார்த்தவர் ரால்ஃப் கிரீன்சன். பெயர் பெற்ற டாக்டர். பெய்ன் விட்னிக்கு நேர் எதிரான வழியில் போனார். இந்தப் பெண்ணுக்குக் குடும்பமே இல்லை, குடும்பத்தைக் கொடுப்போம் என்று நினைத்தார். தன் வீட்டிலேயே சந்தித்தார். கிட்டத்தட்ட தினமும் செஷன். அது முடிந்ததும் அங்கேயே சாப்பாடு, அவர் பிள்ளைகளோடு நட்பு. மர்லினின் வீட்டில் உதவிக்கு இருந்த பெண்மணிகூட அவர் சொல்லி வந்தவர்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? சிக்கலும் இங்கேதான். டாக்டரே அப்பா, நண்பர், குடும்பம் என எல்லாமுமாக ஆகிவிட்டால், அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் நோயாளிக்குத் தரை நழுவிவிடும். தனியாக நிற்கக் கற்றுக்கொள்ளவும் வழி இருக்காது. 1962 மே மாதம் கிரீன்சன் ஐரோப்பா போனார். ஜூனில், அடிக்கடி வரவில்லை என்று சொல்லி நடித்துக்கொண்டிருந்த படத்திலிருந்து ஸ்டூடியோ மர்லினை நீக்கியது. இதற்கிடையே வெவ்வேறு டாக்டர்கள் மருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1962 ஆகஸ்ட் 4 இரவு மர்லின் இறந்தார். வயது 36. தற்கொலையாக இருக்கலாம் என்று பதிவானது. சதி, மர்மம் என்று எத்தனையோ கதைகள் பிறகு கிளம்பின. அந்தச் சத்தத்தில், ஏழு வருடம் டாக்டர்களிடம் போய்வந்த ஒருவருக்கு ஏன் சரியாகவில்லை என்ற கேள்வி காணாமல்போனது.

இப்போ என்ன இருக்கு?

பிபிடி 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அதிகாரபூர்வமாக இடம்பிடித்தது. 1991-ல் உளவியலாளர் மார்ஷா லினஹன், டி.பி.டி என்ற பேச்சு சிகிச்சை பலன் தருவதை ஆய்வில் காட்டினார். இளம் வயதில் தானும் இதே மாதிரி தவித்து, பூட்டிய அறையில் இருந்தவர்தான் என்பதை 2011-ல் அவரே வெளியில் சொன்னார்.

டி.பி.டி-யில் வாரம் ஒரு தனி செஷன் உண்டு. கூடவே ஒரு வகுப்பு. உணர்ச்சி அலை அடிக்கும்போது முகத்தில் சில்லென்ற தண்ணீர் வைப்பது, அந்தப் பத்து நிமிடத்தைக் கடப்பது, உறவை உடைக்காமல் கேட்க வேண்டியதைக் கேட்பது என எல்லாம் பாடமாகவே சொல்லித் தரப்படும். நெருக்கடியில் தெரபிஸ்டுக்கு போன் செய்யலாம், ஆனால் அதற்கும் விதிமுறை உண்டு. தெரபிஸ்ட் தனியாளாக முடிவெடுக்காமல் ஒரு குழுவோடு கலந்து பேசுவார். அன்பு உண்டு, எல்லையும் உண்டு. மர்லினுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கவே இல்லை.

லண்டனில் ஆண்டனி பேட்மேனும் பீட்டர் ஃபோனகியும் எம்.பி.டி என்ற இன்னொரு முறையை உருவாக்கினார்கள். ப்ளூ டிக் வந்தும் பதில் வரவில்லை என்றால், என்னை வெறுத்துட்டாங்க என்று மனசு உடனே தீர்ப்பு எழுதும். அங்கே நின்று, அவர் மனசில் வேறு என்ன இருக்கலாம் என்று யோசிக்கப் பழக்குவது இந்த முறை.

பிபிடிக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் டிப்ரஷன் போன்றவற்றுக்கு மருந்து தருவார்கள். பிபிடி சரியாகாது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 290 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பத்து வருடத்துக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்து, குறைந்தது இரண்டு வருடமாவது அப்படியே இருந்தார்கள். வேலை, உறவு என்று முழுசாக வாழ்க்கை அமைய இன்னும் கொஞ்சம் காலம் ஆகலாம். பாதிப்பேருக்கு அதுவும் அமைந்தது.

உங்கள் நண்பரோ பார்ட்னரோ இப்படி இருந்தால், அவர் வலியை நாடகம் என்று சொல்லாதீர்கள். ராத்திரி முழுக்க போனில் காவல் இருப்பதும் தீர்வில்லை. எப்போது பேச முடியும் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் பேசுங்கள், மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் நேரம் காலம் பார்க்காதீர்கள், உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

மர்லின் எழுதிய உயில்

மர்லின் தன் உயிலில் அம்மாவின் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியிருந்தார். அந்த அம்மா மகளைவிட 22 வருடம் கூடுதலாக வாழ்ந்து, 1984-ல் இறந்தார்.

சொத்தில் ஒரு பங்கை டாக்டர் மரியான் கிரிஸுக்கும் எழுதியிருந்தார். ஆம், பின்னால் அவரைப் பூட்டிய அறைக்கு அனுப்பிய அதே டாக்டருக்கு. மனநல சிகிச்சை செய்யும் நிறுவனங்களுக்கு அது உதவ வேண்டும் என்பது அவர் விருப்பம். 1980-ல் கிரிஸ் இறந்தபோது அந்தப் பங்கு, குழந்தைகளின் மனநலத்துக்காக இயங்கும் லண்டனின் அன்னா ஃப்ராய்ட் மையத்துக்குப் போனது.

எம்.பி.டி-யை உருவாக்கிய இருவரில் ஒருவரான பீட்டர் ஃபோனகி, பல வருடம் தலைமை வகித்தது இதே மையத்துக்குத்தான். இன்றைக்கும் அங்கே தெரபிஸ்டுகளுக்கு அந்த சிகிச்சையைக் கற்றுத்தருகிறார்கள்.

(மனம் பாரமாக இருந்தாலோ, தற்கொலை எண்ணம் வந்தாலோ 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.)