பட்டறையில் பயின்ற ஓவியர்

கிணற்றடி மோட்டாரின் மேல் பொறித்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தே ஆங்கில எழுத்துகளைப் பழகியவன் நான். கிர்லோஸ்கர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று அந்த வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மனிதர் தொழில் பயின்றது இந்த மும்பை நகரத்தில்தான் என்பதைப் படித்தபோது, நம் சங்க நண்பர்களுக்கு அவர் வரலாற்றைச் சொல்லவேண்டும் என்ற ஆவல் எழுந்தது.

இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1869ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பெல்காம் பக்கத்திலுள்ள குர்லஹொசூரில் பிறந்தார். தந்தை வேதாந்தம் கற்றவர். மகனுக்கோ படிப்பில் நாட்டமில்லை. படம் வரைவதிலும் பொறிகளைப் பிரித்துப் பார்ப்பதிலுமே மனம் சென்றது. தந்தை தடுத்தும், அண்ணன் ராமண்ணா பணம் கொடுத்து உதவ, 1885இல் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகள். சில நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் அவர் கண்ணுக்கு இல்லை என்பது தெரிந்தது. ஓவியனாக வேண்டும் என்று வீட்டை எதிர்த்து வந்தவனுக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன வேண்டும்?

வண்ணம் கைவிட்டாலும் கோடு கைவிடவில்லை. இயந்திர வரைபடத்தைத் தொடர்ந்து பயின்று, விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் அதையே கற்பிக்கும் உதவி ஆசிரியரானார். 1887இல் நிறுவப்பட்ட அக்கூடம் அப்போது பைகுல்லாவில் இருந்தது. 1923இல் மாதுங்காவுக்கு வந்தது. 1997 முதல் வீரமாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம்மில் பலர் நாள்தோறும் அதன் வாயிலைக் கடந்து செல்கிறோம்.

தாளில் எந்திரத்தை வரைந்து காட்டிய ஆசிரியர், ஓய்வு நேரத்தில் அங்குள்ள பட்டறைக்குள் நுழைந்து அதே எந்திரங்களைத் தம் கையால் இயக்கிப் பழகினார். இதை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலையில் மோட்டார் சுருள் கட்டவும் பேரிங் மாற்றவும் பழகும் நம்மவர்களை நான் அறிவேன். மூன்று பேஸில் ஒன்று அறுந்தால் நின்றிருக்கும் மோட்டார் சுற்றாமல் உறுமும். உடனே நிறுத்தாவிட்டால் சுருள் கருகிவிடும். இதை நூலிலும் படிக்கலாம். ஆனால் அந்த உறுமலைக் காது ஒருமுறை கேட்டிருக்கவேண்டும். இலட்சுமணராவ் தேடிப் போனது அந்த அறிவைத்தான்.

பம்பாயிலிருந்து அவர் சைக்கிள்களை வாங்கி அனுப்ப, பெல்காமில் அண்ணன் விற்றார். 1888ஆம் ஆண்டையே கிர்லோஸ்கர் நிறுவனம் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. அக்காலத்தில் சைக்கிள் ஒன்றின் விலை 700 ரூபாய்க்கு மேல். ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தனியாகப் 15 ரூபாய்! பிறகு 1897. கல்விக்கூடத்தில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போயிற்று. நிறம் பார்த்து நீதி வழங்கிய காலம் அது. மனு எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை அவர். வேலையை விட்டுப் பெல்காம் சேர்ந்தார்.

அங்கே சிறு பட்டறை வைத்துத் தீவனம் வெட்டும் எந்திரம் செய்தார். 1903இல் இரும்புக் கலப்பை செய்தார். மரக்கலப்பை மண்ணைக் கீறும். இரும்புக் கலப்பை மண்ணைப் புரட்டிப் போடும். ஆனால் இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகும் என்று உழவர்கள் அஞ்சினர். முதற் கலப்பை விலைபோக இரண்டு ஆண்டுகள் ஆயின. உழவனை நகையாட எனக்கு மனமில்லை. ஒரு பருவம் பொய்த்தால் பட்டினி கிடப்பது கலப்பை செய்தவன் குடும்பமா, உழுதவன் குடும்பமா?

விற்பனை சூடுபிடித்த வேளையில் பட்டறை இருந்த நிலத்தை நகரவிரிவுக்காக நகராட்சி எடுத்துக்கொண்டது. ஔந்து சமஸ்தான மன்னர் கைகொடுத்தார்: குண்டல் ரோடு ரயில் நிலையத்தருகே 32 ஏக்கர் நிலமும், பத்தாயிரம் ரூபாய்க் கடனும். நிலமா அது? கள்ளியும் பாம்பும் குடியிருந்த காடு! 1910இல் அங்கே எழுந்ததுதான் கிர்லோஸ்கர்வாடி.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அங்கே தீண்டாமைக்கு இடமில்லை என்று அவர் விதித்தார். சிறையிலிருந்து வந்தவர்களை இரவுக் காவலுக்கு வைத்தார். பள்ளிப்படிப்பை இடையில் விட்ட அனந்தராவ் பல்நீகர் அங்கே கற்பனைத்திறன் மிக்க பொறியாளராக வளர்ந்தார். சான்றிதழ் கேளாமல் கைத்திறனைக் கேட்ட முதலாளிகள் அன்றும் அரியவர்களே. இருப்பினும், தம் மகன் சாந்தனுராவை அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு அனுப்பி 1926இல் பட்டம் பெறச் செய்தார் என்பதையும் மறைக்கலாகாது. பட்டத்தை அவர் வெறுத்தவர் அல்லர். பட்டம் இல்லாதவனைத் தள்ளாதவர்.

கலப்பைக்குப் பின் பம்பு வந்தது. 1946இல் புனாவில் எண்ணெய் எஞ்சின் தொழிற்சாலையும் பெங்களூரில் மின் மோட்டார் தொழிற்சாலையும் தோன்றின. 1948இல் காந்தியடிகள் கொலையுண்டதைத் தொடர்ந்து பிராமணர்கள் மீது மூண்ட கலவரத்தில் கிர்லோஸ்கர்வாடிக்கும் தீ வைத்தனர். கள்ளிக்காட்டில் கண்ணெதிரே வளர்ந்த தொழிற்சாலை எரிந்தபோது அவருக்கு வயது 78. யாரோ செய்த கொலைக்கு யாரோ தண்டனை பெறுவதா? சாம்பலிலிருந்து மறுபடியும் வேலை தொடங்கிற்று.

1956ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இலட்சுமணராவ் மறைந்தார். நூற்றாண்டு நினைவாக 1969இல் அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. குண்டல் ரோடு என்ற நிலையப் பெயரும் மாறிவிட்டது. புனா வழியாகக் கோலாப்பூர் செல்லும் ரயிலில் போனால், மிரஜ் வருமுன் பலகையில் கிர்லோஸ்கர்வாடி என்று காணலாம்.