மோட்டார் காருக்கு உயிரூட்டிய கெட்டரிங்

ஒரு காலத்தில் மோட்டார் காரைக் கிளப்புவது ஆபத்தான வேலை. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, பலம்கொண்ட மட்டும் சுற்றவேண்டும். எஞ்சின் உதறினால் கைப்பிடி திருப்பி அடிக்கும். கை முறிந்தவர்கள் பலர். தாடை உடைந்தவர்களும் உண்டு.

இந்தக் கொடுமையை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங்.

கண் பார்வை குறைவு

கெட்டரிங் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே கண் பார்வை குறைவு. படித்தால் தலைவலி வந்துவிடும். அதனால் கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்தினார். டெலிபோன் கம்பி போடும் வேலைக்குப் போனார். ஆனால் மனம் தளரவில்லை. மீண்டும் கல்லூரியில் சேர்ந்து, 1904-ல் தமது 27-வது வயதில் எஞ்சினீயர் பட்டம் பெற்றார்.

பிறகு, கடைகளுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கையால் சுற்றிய அந்தப் பெட்டியை, மின்சார மோட்டாரால் இயங்கச் செய்தார். கண நேரம் மட்டும் வேலை செய்வதால், சின்ன மோட்டாரே போதுமாக இருந்தது.

காரிலும் அதே யுக்தி

1909-ல் நண்பர் எட்வர்டு டீட்ஸுடன் சேர்ந்து "டெல்கோ" கம்பெனியைத் தொடங்கினார். காடிலாக் கார் கம்பெனித் தலைவர் ஹென்றி லீலண்டு, கைப்பிடி இல்லாமல் கிளம்பும் கார் வேண்டும் என்றார். அதற்கு மிகப் பெரிய மோட்டார் தேவைப்படும் என்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். கெட்டரிங் கல்லாப்பெட்டியை நினைத்தார். காரைக் கிளப்புவதும் சில நொடி வேலைதானே!

1912-ம் வருட காடிலாக் காரில் அவரது கருவி வந்தது. முதலில் அது எஞ்சினைச் சுற்றிவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், அதுவே டைனமோவாக மாறிப் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும்.

வெயில் செய்த வம்பு

கார் வேகமாக ஓடினால் டைனமோ அளவுக்கு மீறி மின்சாரம் தரும். பாட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். விளக்குகளும் கருகும். இதை அடக்கும் காவல்காரனே ரெகுலேட்டர். அதில் உள்ள செம்புக் கம்பிச் சுருள், மின்சாரம் மிஞ்சியதும் ஒரு தகட்டை இழுத்து டைனமோ தரும் மின்சாரத்தைத் தணிக்கும்.

ஆனால் எரியோடு, வேடசந்தூர் பக்கம் அடிக்கும் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். சூட்டில் பாட்டரிக்குக் குறைந்த அழுத்தமே போதும். செம்புச் சுருளோ சூட்டில் வலுவிழந்து, அதிக அழுத்தத்தை விட்டுவிடும். 10 டிகிரி சூடு ஏறினால், செம்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்!

இதற்குப் பின்னால் வந்த எஞ்சினீயர்கள் வழி கண்டார்கள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டி ஒரே தகடாக்கினார்கள். சூடு பட்டால் இரண்டும் ஒரே அளவில் நீளாது. ஆகவே தகடு வளையும். அந்த வளைவு ஸ்பிரிங்கின் பிடியைத் தளர்த்தும். சுருள் சோர்ந்தாலும், ரெகுலேட்டர் உரிய நேரத்தில் வேலை செய்யும். குளிரில் ஸ்பிரிங் தானே இறுகும். பிற்காலத்தில் இந்த வேலையை எலெக்ட்ரானிக் கருவிகள் ஏற்றுக்கொண்டன.

கெட்டரிங் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அவர் பெயரும் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1945-ல் நியூயார்க்கில் தோன்றியது. 1958 நவம்பரில் 82-வது வயதில் காலமானார்.

படிக்கக் கண் ஒத்துழைக்காத பையன்தான், கோடிக்கணக்கானவர்களின் கைகளைக் காப்பாற்றினார்.