பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் கண்ட வீரமாமுனிவர்



சுங்கை பட்டாணிக்குப் போறேன் என்று கட்டுரையில் எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையால் திருத்தம் போட்டேன். அப்போ எங்க அம்மா பேசுறது தப்பா சார் என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன வரலாறு இது.

1680-இல் இத்தாலியில் பிறந்தவர் பெஸ்கி பாதிரியார். சமயப் பணிக்காக முப்பது வயதளவில் தமிழகம் வந்தார். அரிச்சுவடியிலிருந்து தமிழ் படித்துத் தேம்பாவணி என்னும் காவியமே பாடினார். வீரமாமுனிவர் என்று பெயர் பெற்றார்.

அவ்வளவு படித்தவர், சனங்களின் பேச்சை இழிவாக நினைக்கவில்லை. அவர்களோடு பேசினால்தானே காரியம் ஆகும்! 1728-இல் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். செந்தமிழுக்குத் தனியாக இலக்கணம் செய்தார். இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை. 1732-இல் சதுரகராதி தொகுத்தார். நாம் சிரித்து மகிழும் பரமார்த்த குரு கதையும் அவர் எழுதியதுதான்.

ஆகவே மாணவர்களே, நம் கெடா தோட்டத்துப் பேச்சு தப்பில்லை. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பரீட்சைத் தாளில் போகிறேன் என்றே எழுதுங்கள். வாசலில் நிற்கும் அம்மாவிடம் போயிட்டு வரேம்மா என்றே சொல்லுங்கள்.