உழைப்பால் எழுந்த கல்விக்கூடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றான வர்ஜீனியா மாநிலத்தில், 1856ஆம் ஆண்டில், அடிமைத்தாய் ஒருத்தியின் மகனாகப் பிறந்தார் புக்கர் வாஷிங்டன். அந்நாளில் அடிமைகளுக்குக் கல்வி மறுக்கப்பட்டிருந்தது. 1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிவுற்றது; அடிமைத்தளை அறுந்தது. ஆயினும் வறுமை அகலவில்லை. இளம்பருவத்திலேயே அவர் உப்புக் காய்ச்சும் இடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தார். ஓய்ந்த வேளைகளில் எழுத்துக் கற்றார்.

ஹாம்ப்டன் என்னும் ஊரில் கறுப்பின மாணவர்க்கெனப் பள்ளி ஒன்று உண்டு என்று சுரங்கத்தில் இருவர் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது. 1872ஆம் ஆண்டில் அப்பள்ளியை நாடிப் புறப்பட்டார். ஏறத்தாழ 500 மைல் தொலைவு. கைப்பொருள் வழியிலேயே தீர்ந்தது. அழுக்கேறிய உடையுடன் வந்து நின்ற அவரைச் சேர்த்துக்கொள்ள ஆசிரியை தயங்கினார்; பின்னர் ஓர் அறையைப் பெருக்குமாறு பணித்தார். வாஷிங்டன் அதனை மும்முறை பெருக்கினார். நான்கு முறை துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். தூசி சிறிதும் இல்லை. அதுவே அவர் எழுதிய நுழைவுத் தேர்வு!

1881ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் சிற்றூரில், 30 மாணவருடன் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 100 ஏக்கர் பண்ணை ஒன்றை 500 டாலருக்கு விலைபேசி வாங்கினார். அங்கிருந்த குதிரை லாயமும் கோழிக்கூடும் வகுப்பறைகள் ஆயின. நிலத்தைத் திருத்த மாணவர்களை அழைத்தார். படிக்க வந்தவர் மண்வெட்டி பிடிப்பதோ என அவர்கள் முகம் சுளித்தனர். வாஷிங்டன் ஒன்றும் கூறாமல் கோடரியைத் தோளில் ஏந்திக் காட்டை நோக்கி முன்னே நடந்தார். மாணவர்களும் பின்தொடர்ந்தனர்.

கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும். அவ்வூரிலோ சூளை இல்லை. ஆசிரியரும் மாணவரும் முழங்கால் அளவு சேற்றில் இறங்கிக் களிமண் குழைத்தனர். 25,000 கற்களை அறுத்துச் சூளையிட்டனர். அவை சரியாக வேகவில்லை. இரண்டாம் சூளையும் பாழாயிற்று. மூன்றாம் சூளை, வெந்து முடியும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் காசில்லை. பலரும் அம்முயற்சியைக் கைவிடுமாறு வேண்டினர். வாஷிங்டன் தம் கடிகாரத்தை அடகு வைத்து 15 டாலர் பெற்றார். நான்காம் சூளையில் செங்கற்கள் செம்மையாக வெந்தன. அடகுவைத்த கடிகாரம் மீளவில்லை. ஆனால் தொழில் கைவந்தது. அப்பள்ளியின்மீது பரிவு கொள்ளாத வெள்ளையரும் கற்களின் தரம் கண்டு வாங்க வந்தனர்.

1900ஆம் ஆண்டளவில் அப்பள்ளியில் 40 கட்டடங்கள் எழுந்தன. நான்கு நீங்கலாக ஏனையவை பெரும்பாலும் மாணவர் உழைப்பால் உருவானவை. கைத்தொழிற் கல்வியையே அவர் முதன்மையாகப் போற்றியதை டு பாய்ஸ் முதலிய அறிஞர்கள் ஏற்கவில்லை. உயர்கல்வியும் குடியுரிமையும் தாமதமின்றி வேண்டும் என்று வாதிட்டனர். அவ்வாதத்திலும் உண்மை உண்டு. எனினும், உழைப்பு இழிவன்று என்பதை அடிமைத்தளையிலிருந்து மீண்ட மக்களுக்கு வாஷிங்டன் செயலால் உணர்த்தினார்.

1915ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மூன்று சூளைகளின் தோல்வி கற்பித்ததே நான்காம் சூளையின் வெற்றி. நூலறிவு வழிகாட்டும், அவ்வழியில் நடந்து பழக வேண்டியவை நம் கைகளே.