ஜுரத்தால் கட்டியைக் கரைத்த டாக்டர்

1890-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். டாக்டர் வில்லியம் கோலிக்கு வயது 28. ரண சிகிச்சையில் கெட்டிக்காரர்.

ஒரு நாள் 17 வயதுப் பெண் ஒருத்தி கைவலி என்று வந்தாள். ரெயிலில் போகும்போது ஆசனங்களுக்கு நடுவே கை சிக்கிக்கொண்டதாம். சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார் கோலி. பலன் இல்லை. 1891 ஜனவரியில் அந்தப் பெண் இறந்துபோனாள்.

கோலிக்கு மனம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியின் பழைய ரிக்கார்டுகளைப் புரட்டினார். ஓர் அதிசயம் அகப்பட்டது. ஒருவருக்குக் கழுத்தில் கட்டி. அறுக்க அறுக்க வளர்ந்தது. டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் தோல் சிவந்து வீங்கும் கிருமி நோய் அவரைப் பிடித்தது. கடும் ஜுரம். ஜுரம் விட்டபோது கட்டியும் மறைந்துவிட்டது!

அது நடந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறாரா? ஏழைகளின் குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார் கோலி. கடைசியில் கண்டுபிடித்தார். மனிதர் சுகமாக இருந்தார். கழுத்தில் தழும்புதான் மிச்சம்.

பிறகு கோலி செய்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும். 1891-ல், அதே கிருமியை உயிரோடு ஒரு நோயாளியின் உடம்பில் செலுத்தினார். ஜுரம் கொதித்தது. கட்டி கரைந்தது. ஆனால் வேறு இரண்டு நோயாளிகள் அந்தக் கிருமிக்கே பலியானார்கள். அதன்பின் கிருமிகளைக் கொன்று, அதை மருந்தாக்கினார். 1893-ல் வயிற்றில் பெரிய கட்டியோடு கிடந்த 16 வயதுப் பையனுக்கு ஊசி போட்டார். கட்டி சுருங்கி மறைந்தது. அவன் மேலும் 26 வருஷம் வாழ்ந்தான்.

இது எப்படி நடந்தது? கோலிக்கே தெரியாது. இப்போது ஓரளவு தெரிகிறது. நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் 'டி' அணுக்கள் என்ற ஒரு வகை, காவல்காரரைப் போல உடம்பெங்கும் சுற்றுகிறது. உடம்பின் அணுக்கள் தமக்குள் இருக்கும் புரதத்தின் துணுக்குகளை மேலே காட்டிக்கொண்டிருக்கும். புற்று அணுவின் துணுக்கு மாறுபட்டிருந்தால் 'டி' அணு அடையாளம் கண்டுகொள்ளும். பக்கத்தில் ஒட்டும். துளை போடும். சாகடிக்கும் பொருளை உள்ளே செலுத்தும். ஆனால் புற்று அணு லேசுப்பட்டதல்ல. காவலை ஏமாற்றவும் அதற்குத் தெரியும். கிருமி புகுந்த கலவரத்தில் தூங்கிய காவல் விழித்துக்கொண்டிருக்கும் என்பது விஞ்ஞானிகளின் எண்ணம்.

கோலியின் மருந்து எல்லாருக்கும் பலிக்கவில்லை. சக டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். எக்ஸ்ரே சிகிச்சை வந்ததும் அவரை ஒதுக்கியே விட்டார்கள். 1936-ல் கோலி காலமானார்.

மகள் ஹெலன் விடவில்லை. அவர் டாக்டர் அல்ல. ஆனாலும் தந்தையின் காகிதங்களை வருஷக்கணக்காகப் படித்து, குணமானவர்களின் விவரங்களைத் திரட்டினார். 1953-ல் நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அமையக் காரணமானார். 2018-ல், 'டி' அணுக்களைத் தடுக்கும் பிரேக்கை விடுவிக்கும் வழி கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.