யோகத்தில் அமர்ந்த ஸ்ரீமந் நாதமுனிகள்

திருவிழா நாட்களில் எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது, முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்லும் காட்சியை ஆஸ்திக அன்பர்கள் கண்குளிர ஸேவித்திருப்பீர்கள். முன்னே செல்லும் கோஷ்டிக்கு முதற்காரணராய் நின்றவர் ஸ்ரீமந் நாதமுனிகள். நாலாயிரத்தை மீட்டுத் தந்த வள்ளல் என்றே அவரை உலகம் அறியும். அவர் அஷ்டாங்க யோகத்தில் கரைகண்ட யோகி என்பதும், தன்னை உள்ளபடி அறிவதற்கு நாள்தோறும் தியானத்தில் அமர்ந்தவர் என்பதும் அத்துணை பேசப்படுவதில்லை. அந்தப் பகுதியையே இங்குச் சிறிது சிந்திப்போம்.

இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலே பண்டைய வீரநாராயணபுரம். முதலாம் பராந்தக சோழனுக்கு (907–955) வீரநாராயணன் என்ற விருதுப் பெயர் உண்டு; அவ்வூரும், வீராணம் என்று நாம் வழங்கும் ஏரியும் அப்பெயரையே தாங்கின. அவ்வூரில் ஈச்வர பட்டரின் திருக்குமாரராய் ஆனி மாதத்து அனுஷத்தில் அவதரித்தார் நாதமுனிகள். இயற்பெயர் அரங்கநாதன். பரம்பரையார் அவரது காலத்தை ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைப்பர்; வரலாற்றாசிரியர் பலர் பத்தாம் நூற்றாண்டில் வைப்பர். குடும்பத்துடன் வடநாட்டு யாத்திரை சென்று, யமுனைக் கரையில் சில காலம் தங்கி, மன்னனார் அழைத்ததாகக் கனவு கண்டு ஊர் திரும்பி, அத்திருக்கோயில் கைங்கர்யத்திலேயே நிலைத்தார்.

ஒரு நாள் அங்கு வந்த வைணவர்கள் சிலர் ஆராவமுதனைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தை ஓதக் கேட்டு உருகினார். ஆயிரத்துள் இப்பதிகமும் ஒன்று என்பது அதன் முடிவிலேயே குறிக்கப்பட்டிருந்தமையால், எஞ்சியவை எங்கே என்று அவர்களைக் கேட்டார், அவர்களுக்குத் தெரியவில்லை. குடந்தைக்கும், பின்னர்த் திருக்குருகூருக்கும் சென்றார். அங்கே மதுரகவிகளின் பரம்பரையில் வந்த பராங்குச தாஸர் கண்ணிநுண் சிறுத்தாம்பை உபதேசித்து, நம்மாழ்வாரின் திருப்புளி மரத்தடியில் அதனைப் பன்னீராயிரம் முறை ஓதும் வழியைக் காட்டினார்.

இந்த எண்ணிக்கையை நாம் எளிதாகச் சொல்லிக் கடந்து விடுகிறோம். அப்பிரபந்தம் 11 பாசுரங்கள் கொண்டது. 12,000 முறை என்றால் 1,32,000 பாசுரங்கள். ஒரு முறை ஓத மூன்று நிமிடம் என்று கொண்டால் 600 மணி நேரமாகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் விடாது ஓதினாலும் இரண்டு திங்கள் செல்லும். யோக நூல்கள் தாரணை என்று கூறும் நிலை, அதாவது மனத்தை ஒரே பொருளில் கட்டி நிறுத்தும் நிலை, கைவராத ஒருவரால் இதனைச் செய்ய இயலுமா? ஆழ்வார் காட்சி தந்து நாலாயிரத்தையும் அருளினார் என்பது ஸம்பிரதாயம். அந்த அருளை ஏற்கும் பாத்திரம் புளியடிக்கு வருமுன்னரே ஆயத்தமாகியிருந்தது என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

நாதமுனிகள் இயற்றியவை என்று இரு வடமொழி நூல்களைப் பெரியோர் குறிப்பிடுவர்: நியாய தத்துவம், யோக ரஹஸ்யம். முழு நூலாக இரண்டுமே இன்று இல்லை. ஆயினும் அவருடைய பேரர் ஆளவந்தார், கீதையின் முதல் ஆறு அத்தியாயங்களும் ஆத்ம அனுபவத்துக்காகவே அமைந்தவை என்று தமது கீதார்த்த ஸங்கிரகத்தில் வரையறுத்திருக்கிறார். ஆறாவது அத்தியாயத்தைப் புரட்டினால் கண்ணன் கூறும் முறை மிக எளியதாயிருக்கும். தூய இடம் வேண்டும். இருக்கை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் இராமல், அசைவின்றி இருக்க வேண்டும். உடலும் கழுத்தும் தலையும் நேராக நிற்க வேண்டும். மிகுதியாக உண்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும், மிக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் இல்லை. மனம் எங்கெங்கு ஓடுகிறதோ அங்கங்கிருந்து அதனைத் திருப்பிக் கொணர வேண்டும். மனமே ஓடாது என்று அங்கே எவருக்கும் வாக்களிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாஞ்சராத்திர முறை ஒரு நாளை ஐந்து காலங்களாகப் பகுக்கிறது. விடியலில் எம்பெருமானை அணுகுவது அபிகமனம். மலரும் பிற பொருள்களும் தேடிச் சேர்ப்பது உபாதானம். ஆராதனம் செய்வது இஜ்யை. நூல் ஓதுவதும் ஓதுவிப்பதும் ஸ்வாத்யாயம். இரவில் அனைத்தும் அடங்கிய பின் எம்பெருமானை உள்ளத்தில் நிறுத்தி அமர்வது யோகம். யோகம் ஈற்றில் வைக்கப்பட்டிருக்கும் அழகைப் பாருங்கள். பகலெல்லாம் கையும் வாயும் எதில் பழகினவோ அதிலேயே இரவில் மனம் சென்று தங்கும். முன் நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதில் மட்டும் அமர்ந்து, மனம் நிற்கவில்லையே என்று வருந்துவோர் நம்மில் பலர்.

பல தாளங்களை ஒருங்கே தட்டச் செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஒலியைக் கொண்டே கூறினார் என்று குருபரம்பரை நூல்கள் உரைக்கின்றன. அத்தகைய கூரிய செவியுடையவர், தம் மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு பாசுரங்களை இசையோடு பரப்பினார். திருவரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றும் ஸேவிக்கப்படும் அரையர் சேவைக்கு வித்து அதுவே.

இனி, நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சிக்கு வருவோம். தமது செல்வங்கள் இரண்டையும் தமக்குப் பின் காக்க வல்லவர்களை நாதமுனிகள் தேடினார். குருகைக் காவலப்பன் யோகத்தை விரும்பி ஏற்றார். உய்யக்கொண்டாரைக் கேட்டபோது அவர் தலை தாழ்த்தி மறுத்தார். இழவு விழுந்த வீட்டில் ஒருவன் தான் மட்டும் மணக்கோலம் பூணுவது தகுமா என்பதே அவர் விண்ணப்பம். உலகத்தார் பிறவித் துயரில் கிடக்க, தாம் தனியே அமர்ந்து ஆத்ம சுகம் துய்க்க அவர் மனம் ஒப்பவில்லை. நாதமுனிகள் சினந்தாரில்லை, உள்ளம் பூரித்தார். ஆயுள் முழுவதும் தாம் போற்றிய யோகத்தை ஒரு சீடர் வேண்டாம் என்று சொன்னபோது மகிழ முடிந்ததே, அதனினும் பெரிய யோகம் வேறு உண்டோ! திவ்யப் பிரபந்தமும் அதன் பொருளும் உய்யக்கொண்டாரிடம் சென்றன.

நாதமுனிகளின் இறுதியை எண்ணும்போது கண் பனிக்கிறது. வில்லேந்திய இருவரும் ஒரு பெண்மணியும் ஒரு குரங்கும் இல்லம் தேடி வந்து சென்றதாக அவருடைய திருமகள் தெரிவித்தாள். இராமனும் இலக்குவனும் சீதையும் அனுமனும் வந்தனர் என்றே அவர் கொண்டார். வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு ஓடினார், காணாமல் விழுந்தார், திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவ்விடம் கங்கைகொண்ட சோழபுரத்தருகே என்பர். முதலாம் இராஜேந்திரன் அந்நகரைச் சமைத்தது 1025-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆதலால், பிற்காலப் பெயரால் பழைய இடத்தைச் சுட்டினர் போலும். தன்னை அறிந்த யோகிக்கு வேடரையும் இராமனையும் பிரித்தறியத் தெரியாதா என்று சிலர் வினவலாம். நாள்தோறும் இரவில் உள்ளே கண்டவனையே பகலில் வெளியேயும் கண்ட கண்களுக்கு அந்த வேறுபாடு தோன்றவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

யோகச் செல்வம் என்னவாயிற்று? மணக்கால் நம்பியின் சொற்படி ஆளவந்தார் அதனைப் பெறக் குருகைக் காவலப்பனை நாடிச் சென்றார். அவர் யோகத்தில் இருந்தார். கலைக்க அஞ்சிச் சுவருக்குப் பின்னே ஓசையின்றி நின்றார் ஆளவந்தார். அப்பனோ கண் விழித்து, சொட்டைக் குலத்தவர் எவரேனும் வந்துள்ளாரோ என்று வினவினார். சொட்டைக் குலம் நாதமுனிகளின் குலம். தம்மோடு கலந்திருந்த எம்பெருமான் தம் தோளுக்கு மேலாகப் பன்முறை எட்டிப் பார்த்தான் என்றும், அக்குலத்தார் வந்தாலன்றி அவன் அவ்வாறு நோக்கான் என்றும் காரணம் கூறினார். பின்பு தாம் உடல் நீக்கும் நாளையும் வேளையையும் ஓர் ஓலையில் எழுதிக் கொடுத்து, அதற்குள் வந்து யோக ரஹஸ்யம் பெற்றுக்கொள்ளப் பணித்தார்.

ஆளவந்தார் ஓலையைப் பத்திரப்படுத்தித் திருவரங்கம் திரும்பினார். அங்கே அரையர் ஒருவர் திருவனந்தபுரத்தைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தை இசைக்கக் கேட்டார். பாட்டனார் மீட்டுத் தந்த பாசுரம் அது. உருகிய நெஞ்சோடு அப்போதே திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டார். அனந்தபத்மநாபனை ஸேவித்த பின் ஓலை நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தார். குறித்திருந்த நாள் அன்றே. பறந்து செல்ல ஒரு விமானம் இல்லையே என்று ஏங்கி நின்றார். வேளை கடந்தது, குருகைக் காவலப்பனோடு யோக ரஹஸ்யமும் மறைந்தது. ஆளவந்தார் நெடுவழி நடந்து, பாசுரங்கள் ஒலித்துக்கொண்டிருந்த திருவரங்கத்துக்கே மீண்டும் வந்து சேர்ந்தார்.