தங்கையைப் பறித்த நோயும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் என்றால் நம் காட்டுப்பாக்கத்தில் தெரியாதவர் குறைவு. அது உருவானதற்குப் பின்னால் ஒரு தங்கையின் மரணம் இருக்கிறது.

அதைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் பெற்றார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டரானார்.

1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவர் மனதில் விழுந்தது.

அது நிறைவேற முப்பது வருடங்கள் ஆயின. இடையில் சென்னை சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினரானார், அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். ஆனாலும் தங்கையை மறக்கவில்லை. புற்றுநோய் வந்தால் பிழைக்க மாட்டார்கள், செலவு வீண் என்று பலர் நினைத்த காலத்தில் நன்கொடை திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் பத்மபூஷண் பெற்ற அம்மையார், 1968-ல் காலமானார்.

அந்தத் தங்கைக்கு வந்த அதே நோய்க்கு இன்று லேப்ராஸ்கோபி முறையில் ஆபரேஷன் செய்கிறார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, கட்டியுள்ள குடல் பகுதியை அகற்றுகிறார்கள். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். எல்லோருக்கும் இது பொருந்தாது, டாக்டர்தான் முடிவு செய்வார். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வாய்ப்பு அதிகம்.

நம் குடியிருப்பில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறைய பேர். மலத்தில் ரத்தம், மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால், மூலமாக இருக்கும் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். கொலனோஸ்கோபி செய்யச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள்.